காற்றோடு போன கணக்கு

1963-இல் எங்கள் அப்பா வீடு கட்ட ஆரம்பித்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கு மூன்று மைல் இந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. சிமெண்ட் லேசில் கிடைக்காத காலம். சுவர் என்றால் சுண்ணாம்புக் காரைதான். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்த காரை. எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது பத்தடி ஆழத்தில் கிளிஞ்சல் படுகை ஒன்று அகப்பட்டிருந்தது. அப்பா அதை அள்ளிக் கழுவிக் காயவைத்து, மூட்டைக்கு ஐம்பது கிலோவாக ஆறு மூட்டை கட்டினார். ஆக 300 கிலோ. எடைக்கல்லை எடுத்துக் கொடுத்தவன் நான்; எனக்கு அப்போது பதினோரு வயது. ஊருக்கு மேற்கே இருந்த சுண்ணாம்புக் காளவாயில் வண்டியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தோம்.

நாலாம் நாள் சுட்ட சுண்ணாம்பை எடுக்கப் போனோம். தராசில் வைத்தால் 165 கிலோதான் நின்றது. அப்பா இன்னொரு தடவை நிறுத்தார். அதே 165. அவர் முகம் மாறிவிட்டது.

"மிச்சம் எங்கடே?" என்றார்.

காளவாய்க்காரர் அப்பாவைவிட இளையவர். கையெல்லாம் சுண்ணாம்பு அரித்துத் தோல் வெடித்திருக்கும். "மிச்சம்னு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சுட்டா இவ்வளவுதான் நிக்கும். பாக்கி காத்தோட போயிரும்" என்றார்.

"நூத்து முப்பத்தஞ்சு கிலோ காத்தோட போச்சா? காத்துல பறக்க அது என்ன பஞ்சா?"

அந்த மனிதர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நின்றதையே அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். பாதியை முழுங்கிவிட்டான் என்று ஊரில் சொன்னார். அப்பா சொன்னால் ஊர் நம்பும். வீட்டுப் பால்காய்ப்புக்கு அவரை மட்டும் அழைக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் தெருவில் பாதிப் பேர் வேறு காளவாய்க்குப் போனார்கள். அங்கேயும் நூற்றுக்கு ஐம்பத்தைந்துதான் வந்திருக்கும்; ஆனால் கிளிஞ்சலை யாரும் நிறுத்துக் கொடுக்கவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் அப்பா ஒருவர்தான் நிறுத்தார். நிறுக்கத் தெரிந்த அவருக்கு, நிறுத்ததை வைத்து அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் போயிற்று.

1969-இல் பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். வேதியியல் வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம் விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினார். கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். பக்கத்திலேயே எடைகளையும் எழுதினார். கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16 வீதம் மூன்று 48, கூட்டினால் 100. சூடாக்கிய பிறகு நிற்கிற கால்சியம் ஆக்சைடு 40-உம் 16-உம் சேர்ந்து 56. வாயுவாக வெளியே போவது 44. "சுண்ணாம்புக் காளவாயில் நடப்பது இதுதான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

என்னால் போக முடியவில்லை. நோட்டின் ஓரத்தில் 300-ஐ எழுதி நூற்றுக்கு ஐம்பத்தாறு போட்டேன். 168 வந்தது. கிளிஞ்சல் ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட்தான். கை நடுங்கியது என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைக்கக் கூடாது, உண்மையிலேயே நடுங்கியது. காத்தோட போயிரும் என்று அந்த மனிதர் சொன்னதை நாங்கள் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டோம். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்கை எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் எட்டாவது வரை படித்தவர், கணக்கில் கெட்டி. ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இந்த நாப்பத்து நாலு எல்லாக் கிளிஞ்சலுக்கும் ஒண்ணுதானா? எந்தக் காளவாயில போட்டாலுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நூத்து அறுபத்தெட்டு வந்திருக்கணும். மூணு கிலோ குறையுதே?" கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும், சாம்பலைச் சலிக்கும்போது கொஞ்சம் பொடியும் போயிருக்கும் என்றேன். நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

காளவாய் வாசலில் நின்றபடியே, "தப்பு என் பேர்லதான்" என்றார் அப்பா. நான் தாளை நீட்டினேன். காளவாய்க்காரர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "எங்க அய்யா காலத்துலயே நூத்துக்கு அம்பத்தஞ்சுன்னு கணக்கு உண்டு அண்ணாச்சி. அன்னைக்கும் அதத்தான் சொன்னேன். நான் சொன்னப்போ நீங்க நம்பல. இப்ப புஸ்தகம் சொல்லுது, நம்புதீய" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு முப்பத்து நாலு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்திலேயே பிள்ளைகள் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். மோல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்கிவிடும். இவ்வளவுக்கும் அது ஒரு கட்டுதான். வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிறோம், வாழைப்பழத்தைச் சீப்புக் கணக்கில், முட்டையை டஜனில். ஒவ்வொன்றாக எண்ணுவது சிரமம் என்பதால் ஒரு தொகைக்கு ஒரு பேர் வைத்துக்கொள்கிறோம். அணுக்களும் மூலக்கூறுகளும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னவை என்பதால் அவற்றுக்கு வைத்த கட்டு ரொம்பப் பெரியது. ஒரு மோலில் 602 கோடி கோடி கோடி. 6022 எழுதி அதன் பின்னால் இருபது பூஜ்யம் போட வேண்டும். உலகத்தில் இருக்கிற 800 கோடிப் பேரும் வேறு வேலையே பார்க்காமல் நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும் முடிக்க ஏறக்குறைய 24 லட்சம் ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மூலக்கூறுகள் 18 கிராம் தண்ணீரில், அதாவது ஒரு மடக்குத் தண்ணீரில் இருக்கின்றன.

எண்ணவே முடியாததை எப்படி எண்ணுவது? ஆணிக் கடைக்காரர் எண்ணுகிற மாதிரிதான். கல்யாணப் பந்தல்காரர் ஆயிரம் ஆணி கேட்டால் அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ண மாட்டார். நூறு ஆணியை நிறுத்துப் பார்த்து, அதில் பத்து மடங்கைத் தராசில் கொட்டுவார். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஒரு மோல் சமையல் உப்பு 58.5 கிராம், ஒரு மோல் சர்க்கரை 342 கிராம். மூன்றிலும் எண்ணிக்கை ஒன்றே. எலுமிச்சையும் பத்து, பூசணியும் பத்து என்றால் எண்ணிக்கை ஒன்று. தலையில் தூக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

பிள்ளைகள் தவறுகிற இடம் இங்கேதான். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து இரண்டு தண்ணீர் மூலக்கூறு ஆகிறது என்று சமன்பாடு சொல்கிறது. உடனே இரண்டு கிராம் ஹைட்ரஜனுக்கு ஒரு கிராம் ஆக்சிஜன் என்று எழுதிவிடுவார்கள். சமன்பாடு கிராமைப் பற்றிப் பேசவே இல்லை. அது தலை எண்ணிச் சொல்கிறது. இரண்டு மோல் ஹைட்ரஜன் 4 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம். எண்ணிக்கையில் இரண்டு பங்கு இருக்கிற ஹைட்ரஜன் எடையில் எட்டில் ஒரு பங்குதான். தராசுத் தட்டு தாழ்கிறதை வைத்து, எது அதிகம் எது குறைவு என்று முடிவு கட்டினால் தலைகீழாகத்தான் போகும்.

ஆகவே, பதினொன்றாம் வகுப்பில் இருக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: கிராமிலிருந்து கிராமுக்கு நேரே தாவாதீர்கள். முதலில் சமன்பாட்டை எழுதிச் சமன் செய்யுங்கள். கொடுத்திருக்கிற எடையை மோலார் நிறையால் வகுத்து மோலாக்குங்கள். சமன்பாடு சொல்கிற விகிதத்தை மோலில் மட்டும் போடுங்கள். கடைசியாகத் திரும்பக் கிராமுக்கு வாருங்கள். எங்கள் வீட்டுக் கிளிஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். 300 கிலோ என்றால் 3,00,000 கிராம். நூறால் வகுத்தால் 3000 மோல். ஒரு மோலுக்கு ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பு, ஒரு மோல் வாயு. 3000-ஐ 56-ஆல் பெருக்கினால் 168 கிலோ. 44-ஆல் பெருக்கினால் 132 கிலோ. வாயு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கும் என்று கேட்டால், பூஜ்யம் டிகிரியில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோலுக்கு 22.4 லிட்டர், 3000 மோலுக்கு 67,200 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி ஐந்தில் அடைத்தாலும் மிஞ்சும். அத்தனையும் அந்தக் காளவாயின் வாயிலிருந்து ஏறிப் போயிருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, அதனால் அப்பா களவு போனதாக நினைத்துவிட்டார்.

இதே 44-ஐ முதன்முதலில் தராசில் பிடித்தவர் ஸ்காட்லாந்தில் இருந்த ஜோசப் பிளாக். அவர் மருத்துவம் படித்தவர். சுட்ட சுண்ணாம்பு நாக்கை அரிப்பதற்குக் காரணம், சூளையின் நெருப்பு அதற்குள் புகுந்துகொள்வதுதான் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் நம்பினார்கள். பிளாக் சுடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தார். நெருப்பு உள்ளே புகுந்திருந்தால் எடை கூடியிருக்க வேண்டும், குறைந்திருந்தது. வெளியே போனது ஒரு காற்று என்று சோதனைகளால் காட்டி 1756-இல் அச்சிட்டார். கல்லுக்குள் கட்டுண்டு கிடந்ததால் அதற்கு 'நிலைப்பட்ட காற்று' என்று பேர் வைத்தார். இன்றைக்குக் கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். அவர் செய்த வேலையில் பாதியை எங்கள் அப்பாவும் செய்தார். நிறுத்தார், இன்னொரு தடவை நிறுத்தார். குறைந்தது எங்கே போயிருக்கும் என்று பிளாக் கேட்டார். யார் எடுத்திருப்பார் என்று அப்பா கேட்டார். கேள்வியில் இருந்த அந்த ஒரு சொல் வித்தியாசம் ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பாதித்தது.

அவகாட்ரோவின் கதையும் இதற்கு ரொம்பத் தூரமில்லை. இத்தாலியில் டூரின் நகரத்தில் பிறந்த அமேதியோ அவகாட்ரோ சட்டம் படித்தவர். ஒரே வெப்பத்திலும் ஒரே அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்கள் எல்லாவற்றிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாகவே இருக்கும் என்று 1811-இல் எழுதினார். பெரிய வேதியியலாளர்கள் பெரும்பாலும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் இருப்பதாகவே அவர்களில் ஒருவரான டால்டன் கடைசிவரை கணக்குப் போட்டார். ஐம்பது வருஷம் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமான அணு எடை புழங்கியது. அவகாட்ரோ 1856-இல் இறந்துபோனார். நாலு வருஷம் கழித்து, 1860-இல், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது அவருடைய நாட்டுக்காரரான ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோ பழைய கருத்தை எடுத்துவைத்து, அதை வைத்தால் எல்லா அணு எடையும் ஒன்றோடொன்று பொருந்துகிறது என்று காட்டினார். அப்புறம்தான் நம்பினார்கள்.

அவகாட்ரோ எண் என்று நாம் சொல்கிறோமே, அதை அவகாட்ரோ கண்டுபிடிக்கவில்லை. எத்தனை என்று அவருக்குத் தெரியாது. சமம் என்று மட்டும் தெரிந்திருந்தது. 1909-இல் பிரான்சின் ழான் பெரென் அந்த எண்ணுக்கு அவருடைய பெயரைச் சூட்டினார். 2019 மே 20 முதல் 6.02214076 பெருக்கல் பத்தின் அடுக்கு 23 என்று அதை உலகமே நிலையாக வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் 12 கிராம் கார்பன்-12-இல் இருக்கிற அணுக்களின் எண்ணிக்கை என்று எடையைச் சார்ந்து வரையறுத்திருந்தார்கள். இப்போது எண்ணிக்கையே முதல். இதைப் படித்தபோது எனக்கு மன நிறைவாக இருந்தது. தமிழில் எண்ணுவது என்ற ஒரே சொல் கணக்கிடுவதையும் சிந்திப்பதையும் குறிக்கிறது. இரண்டும் ஒரே வேலை என்று நம் முன்னோர் கண்டிருந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்த நானே என் ஆய்வகத்தில் அப்பா செய்த தவறைச் செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மை ஆகாது.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு முந்திய மாதம். பெர்மாங்கனேட் தரம்பார்த்தல். பிப்பெட்டால் 20 மி.லி. இரும்புக் கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் நிறம் காட்டி, குடுவையைச் சுழற்றியதும் மறைந்துபோகும். ஒரு பெர்மாங்கனேட் ஐந்து இரும்பைத் தீர்க்கிறது. இரும்பு அத்தனையும் தீர்ந்த மறு சொட்டில் குடுவை முழுவதும் லேசான இளஞ்சிவப்பு பரவி, சுழற்றினாலும் போகாமல் நிற்கும். ரோஜா இதழின் அடிப்பக்கம் இருக்குமே, அந்த நிறம். அங்கே திருகை மூடி அளவைப் படிக்க வேண்டும். மற்றக் கரைசல்களுக்குக் கரைசல் மட்டத்தின் வளைவில் கீழ் விளிம்பைப் பார்ப்போம். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இளஞ்சிவப்பு எனக்கு அலுத்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி அணுக்களை ஒன்று விடாமல் எண்ணி முடித்ததற்குக் குடுவை தருகிற ரசீது அது.

அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் 16.0 மி.லி. வந்தது. ஒரு பையனுக்கு மட்டும் 20.0. திரும்பச் செய்யச் சொன்னேன். திரும்பவும் 20.0. பக்கத்தில் இருந்தவன், "பதினாறுன்னு எழுதிருடா" என்று மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவன் எழுதவில்லை. "சார், எனக்கு இருபதுதான் சார் வருது" என்றான். எனக்கு எரிச்சல். முடிவு நிலை தாண்டி ஊற்றுகிறாய், கவனம் இல்லை, விளையாட்டுப் புத்தி என்றெல்லாம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெளியே நிற்கச் சொல்லிவிட்டேன். பேசாமல் போய் வராந்தாவில் நின்றான். காளவாய் வாசலில் நின்றவரும் இப்படித்தான் பேசாமல் நின்றார் என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் சாமான்களை எண்ணி உள்ளே வைக்கும்போதுதான் பார்த்தேன். அவன் மேசையில் இருந்த பிப்பெட் மற்றவற்றைவிடச் சற்றுப் பருத்திருந்தது. திருப்பிப் பார்த்தால் 25 மி.லி. என்று பொறித்திருக்கிறது. 20-க்கு நடுவில் 25 ஒன்று கலந்துபோயிருந்தது. காலையில் எடுத்து வைத்தவன் நான். 20 மி.லி. இரும்புக்கு 16.0 செலவானால் 25-க்கு எவ்வளவு? 16-ஐ 20-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கினால் சரியாக 20.0. அந்த வகுப்பிலேயே மிகத் துல்லியமாகச் செய்தவன் அவன்தான். இரண்டு தடவையும் ஒரு சொட்டுக்கூடப் பிசகவில்லை. நாலு பங்குக்கு ஐந்து பங்கு என்ற விகிதம் என் கண் எதிரே எழுதியிருந்தது. ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்திருந்தால், கவனக் குறைவால் வரக்கூடிய தவறு இவ்வளவு சுத்தமான விகிதத்தில் வராது என்று புரிந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பிப்பெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தவறு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பழி சொன்னது எல்லோர் முன்னால் என்றால் திருத்திக்கொள்வதும் அங்கேதான். தப்பை ஒப்புக்கொள்வது அப்பாவிடம் கற்றது. பையன் சிரித்தான். பெரிய மனசுக்காரன். ஆனாலும் அந்தப் பிற்பகலில் வராந்தாவில் அவன் நின்ற இரண்டு மணி நேரத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. அவன் இப்போது எங்கே இருக்கிறானோ. மற்றவர்களுக்காகத் தன் அளவை மாற்றி எழுதாத பிள்ளை எங்கே இருந்தாலும் நன்றாகத்தான் இருப்பான்.

இன்னும் ஒன்றே ஒன்று. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று பாடத்தில் வரும். பேர்தான் நீளம். இரண்டு பொருள் சேர்ந்து வினை புரியும்போது முதலில் தீர்ந்துபோவது எதுவோ, அதுவே விளைவின் அளவைத் தீர்மானிக்கும்; மற்றது மலையாகக் குவிந்து கிடந்தாலும் பயனில்லை. பரீட்சைக்கு இதைப் படிக்கிறோம், வீட்டில் மறந்துவிடுகிறோம். சமையல் அடுப்பில் சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் என்ன சொல்கிறோம்? இந்தத் தடவை சிலிண்டர் சரியில்லை, கலப்படம் செய்துவிட்டான் என்று, கொண்டுவந்து போட்ட பையனைக் கோபிக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டரில் இருப்பதைப் பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால், அதன் ஒரு மோல் 58 கிராம். முழுதாக எரிய ஆறரை மோல் ஆக்சிஜன் வேண்டும், 208 கிராம். 14.2 கிலோ எரிவாயுவுக்கு ஏறக்குறைய 51 கிலோ ஆக்சிஜன். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம்தான் என்பதால், ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் அடுப்பு 220 கிலோவுக்கு மேல் காற்றைக் கேட்கிறது. காசு கொடுத்து வாங்குகிற 14.2 கிலோவை நினைவு வைத்திருக்கிறோம். காசில்லாமல் வருகிற 220 கிலோவை நினைப்பதில்லை. பெரும்பாலும் குறைவது காற்றுதான். பர்னரின் துளையில் பொங்கி வழிந்த பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருக்கும்.

பாத்திரம் கரி பிடித்தால் தேய்த்துக்கொள்ளலாம். கரி அடுப்பில் இந்தக் கணக்கு உயிரை எடுக்கும். 12 கிராம் கார்பனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் கிடைத்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் 16 கிராம்தான் கிடைத்தால் 28 கிராம் கார்பன் மோனாக்சைடு. பதினாறு கிராம் குறைந்ததில் முற்றிலும் வேறொரு பொருள் பிறந்துவிடுகிறது. இதற்கும் நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் விடிந்தபின் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை எத்தனை மார்கழியில் படித்திருக்கிறோம். அவர்களில் பள்ளியில் வேதியியல் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். 12-க்கு 16 என்றால் 28 என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள், என்னைப் போன்றவர்கள், அதைக் கதவும் ஜன்னலும் உள்ள ஓர் அறைக்குள் வைத்து நடத்தினோமா என்று நினைத்தால் எனக்கு உறுத்துகிறது. ஓய்வு பெற்ற பிறகும் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் போய் இந்த ஒரு கணக்கை மட்டும் நடத்திவிட்டு வருகிறேன்.

அப்பா கட்டிய வீட்டில்தான் இப்போதும் இருக்கிறேன். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரை வாங்கி நீறும். 56-க்கு 18 சேர்ந்து 74. காரையாகச் சுவரில் ஏறிய பிறகு வருஷக்கணக்கில் காற்றிலிருந்து 44-ஐ மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு, 18 தண்ணீரை வெளியே விட்டு, மறுபடியும் 100 ஆகிவிடும். திரும்பவும் கிளிஞ்சலாக இருந்த அதே கால்சியம் கார்பனேட். களவு போனதாக அப்பா நினைத்த அந்த எடை அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய சுவருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சுவர் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் கல்லாக நிற்கிறது. காளவாய் இருந்த இடத்தில் இன்று வீடுகள் வந்துவிட்டன.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இன்றிரவு அடுப்பைப் பற்றவைக்கும்போது சுடரின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக இருந்தால் சரி. மஞ்சள் தெரிந்தால் பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளியலறைக்குள் கேஸ் கெய்சர் இருந்தால் அதை வெளியே மாற்றச் சொல்லுங்கள். கரி அடுப்பைப் படுக்கிற அறைக்குள் ஒருநாளும் கொண்டுபோகாதீர்கள்.